சரிவில் படுத்துச் சுட பைபொட் எத்தனை அங்குலம் வேண்டும்?

கொழுந்துக்காரன் (தலவாக்கலை)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போகிற ஆள்தான் நான், இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சுடும் கழகத்தில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. சீஇசட் 457, .22 போல்ட் றைபிள், அனுமதிப்பத்திரமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மாதம் ஒருமுறை 50 மீட்டரில் படுத்துச் சுடுகிற போட்டி வைப்பார்கள், உள்ளூர்ப் போட்டி என்பதால் பைபொட் (துவக்கின் முன்கட்டைக்குக் கீழே பூட்டுகிற இரண்டு கால் தாங்கி) வைக்கலாம். இவ்வளவு நாளும் அரிசி நிரப்பிய பை ஒன்றை முன்கட்டைக்குக் கீழே வைத்துச் சுட்டேன், மோசமில்லை, ஐந்து ரவையும் முக்கால் அங்குலத்துக்குள் விழும். ஆனால் பை ஈரமானால் நாறுகிறது, எலியும் ஒருமுறை கடித்துவிட்டது. சரி, பைபொட் ஒன்று வாங்குவோம் என்று இணையத்தில் தேடினேன். உயரம் கூடியதென்றால் எல்லாவற்றுக்கும் பாவிக்கலாம், தேவையில்லாதபோது சுருக்கிக்கொள்ளலாம் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு 13½ முதல் 27 அங்குலம் வரை நீளுகிற ஒன்றை ஓடர் செய்தேன். விற்றவனும் "எல்லாத்துக்கும் இதுதான் சேர்" என்றான்.

வந்து சேர்ந்த பிறகுதான் விளங்கியது. முழுதாகச் சுருக்கினாலும் அது 13½ அங்குலம். படுத்தால் நெஞ்சு நிலத்தில் படவில்லை, இரண்டு முழங்கையிலும் தொங்கிக்கொண்டு ஆட்டுக்கடா மாதிரி தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. குறி ஸ்கோப்புக்குள் நிற்கவே மாட்டேன் என்கிறது. முக்கால் அங்குலம் இரண்டு அங்குலமாகிவிட்டது. திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

இப்போது சிநேகிதன் ஒருவனிடம் 6–9 அங்குலப் பைபொட் இருக்கிறது. கடன் வாங்கி வீட்டு வாசல் சிமெந்தில் படுத்துப் பார்த்தேன், அச்சடித்தாற் போல் பொருந்தியது. சந்தோஷத்தோடு ரேஞ்சுக்குக் கொண்டுபோனால் அங்கே அது காணாது! குழல் புல்லைப் பார்க்கிறது, இலக்கு அட்டையைக் காண சோங்கை (தோளில் வைக்கிற பின்கட்டையை) மண்ணுக்குள் அமுக்க வேண்டியிருக்கிறது, தாடை நோகிறது. ஒரே ஆள், ஒரே துவக்கு, அங்கே சரி, இங்கே பிழை. நாங்கள் படுக்கிற இடம் கொஞ்சம் சரிவு, முன்பக்கம் இறக்கம், நடுவில் ஒரு பள்ளம், எதிர் மேட்டில் அட்டை.

எனக்கு உயரம் 5 அடி 5. இன்னொரு முறை காசைக் கரியாக்க ஏலாது. எந்த உயரத்தை வாங்குவது?

ஊவாக்காற்று (பண்டாரவளை)

தம்பி, முதலில் ஒன்று. வாசலில் படுத்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். போல்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே படுத்தாய்? அப்படி இல்லையென்றால் மற்றதெல்லாம் அப்புறம். நான் சீருடையில் இருந்தபோது பல வருடம் பொடியன்களைப் படுக்க வைத்துச் சுடப் பழக்கியவன், வெறுந்துவக்கு என்று நம்பியவன்தான் எப்போதும் ஓட்டை போடுவான்.

இனி உன் கேள்வி. பைபொட் உயரத்தைப் பட்டியலில் பார்த்துத் தெரிவு செய்கிறவர்கள் எல்லோரும் உன்னைப்போல ஒன்றை அலுமாரிக்குள் வைத்திருக்கிறார்கள், நீ மட்டும் இல்லை, நானும் வைத்திருக்கிறேன். சப்பாத்து வாங்குகிற மாதிரிதான் இது. கடையில் நிற்கிற அளவு காலின் அளவல்ல. உன் தோள் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கழுத்து எவ்வளவு நீளம், ஸ்கோப்பைக் குழலுக்கு மேல் எவ்வளவு உயர்த்திப் பூட்டியிருக்கிறாய், நெஞ்சு தடிப்பா மெலிவா, இவ்வளவும் சேர்ந்துதான் அந்த இலக்கத்தைத் தருகிறது.

அளக்கிற முறை இது, காசே செலவில்லை. ரேஞ்சில் நீ சுடுகிற அதே இடத்தில், அதே பாயில் படு. வாசலில் இல்லை, ரேஞ்சில். துவக்கைத் தோளில் வை. கூட ஒருவனை வைத்துக்கொண்டு முன்கட்டைக்குக் கீழே பழைய கொப்பிகளையும் பலகைத் துண்டுகளையும் ஒவ்வொன்றாக அடுக்கச் சொல். நீ கண்ணை மூடிக்கொள். கன்னத்தைக் கட்டையில் வைத்து, இரண்டு தரம் மூச்சை இழுத்து விட்டு, உடம்பைத் தளரவிடு. பிறகு கண்ணைத் திற. ஸ்கோப்புக்குள் முழு வட்டமும் கறுப்பு விளிம்பில்லாமல் தெரிய வேண்டும், குறி அட்டையில் நிற்க வேண்டும், கழுத்தில் ஒரு நரம்புகூட இழுபடக் கூடாது. இல்லையென்றால் ஒரு கொப்பியை எடு, அல்லது கூட்டு. கண்ணைத் திறந்துகொண்டு செய்தால் உடம்பு உன்னை ஏமாற்றும், குறி எங்கே இருக்கிறதோ அங்கே கழுத்தை வளைத்துக்கொண்டு போய்விடும், நீயும் சரி என்பாய். பத்து ரவை சுட்ட பிறகுதான் கழுத்து வாய் திறக்கும்.

அது பொருந்தியதும் நிலத்திலிருந்து முன்கட்டையின் அடிவரை, பைபொட் பூட்டுகிற கொளுக்கி இருக்கிற இடத்தில், அளவு நாடாவைப் பிடி. அதுதான் உன் இலக்கம். அந்த இலக்கம் பைபொட்டின் இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் விழுகிற மாதிரி வாங்கு. கீழ் எல்லையிலோ மேல் எல்லையிலோ முட்டிக்கொண்டு நின்றால் மழைக்கு மண் இளகிய அன்றைக்கு மாட்டிக்கொள்வாய்.

ஹாரிஸ் கம்பனி செய்கிற பைபொட்களில் பிஆர் என்பது 6–9 அங்குலம், எல் என்பது 9–13. நீ வாங்கியது 13½–27 ரகம். அதைக் குறை சொல்லவும் ஏலாது. உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றிச் சுடுகிறவனுக்குச் செய்தது. படுக்கிறவனுக்கு அது ஏணி.

சரிவைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், பேரன் ஃபோனைக் கேட்கிறான்.

பதுளைப்பொடியன் (இப்போது மெல்பேர்ன்)

அண்ணன் சொன்ன அளவு முறைக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் 9–13 பக்கம் போகப் போகிறார் என்று மணக்கிறது, அதனால் முந்திக்கொண்டு வருகிறேன்.

நான் இங்கே எஃப் கிளாஸ் சுடுகிறேன், .308. முதுகும் கண்ணும் வயதாகி, தோல்பட்டியும் இரும்புக் குறியும் ஒத்துவராத கிழட்டுச் சுடுநர்களும் தொடர்ந்து சுடட்டும் என்று கனடாவின் ஜோர்ஜ் ஃபார்குஹார்சன் தொடங்கிய போட்டி இது, அவர் பெயரின் முதல் எழுத்துத்தான் அந்த எஃப். அதில் எஃப்-டிஆர் என்ற பிரிவுக்கு .223 அல்லது .308 மட்டும், முன்னால் பைபொட், மொத்த எடை பைபொட்டோடு சேர்த்து 8.25 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. ஒரு நாள் வந்து அந்த வரிசையைப் பார்க்க வேண்டும். எல்லோருடைய பைபொட்டும் தவளை மாதிரி, அகலமாக, நிலத்தோடு நிலமாக இருக்கும். உயரமாக ஒன்றுகூட இருக்காது. கால் நீண்டால் வளையும், அதிரும், ஆடும். பக்கவாட்டு அகலம் அப்படியே இருக்க உயரம் மட்டும் கூடினால் துவக்கு இடம் வலம் சாய்வது லேசாகிவிடும். அதனால் என் கணக்கு ஒன்றே ஒன்று: மெகசின் (ரவை அடைக்கிற பெட்டி) நிலத்தில் முட்டாத, கழுத்து நோகாத ஆகக் குறைந்த உயரம். 457இன் ஐந்து ரவை மெகசின் குட்டையானது, உனக்கு அந்தத் தொல்லையே இல்லை. நீளமான மெகசின் போடுகிறவன்தான் அதற்காக ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சரிவு என்றால் பைபொட்டின் காலை நீட்டாதே, நிலத்தை உயர்த்து. இரண்டு காலுக்கும் கீழே ஒரு பலகை. முடிந்தது வேலை. வேறு கம்பனிகளின் பைபொட்களில் அட்லஸ் பிடி10 என்றால் 4¾–9, மேக்புல் 6.3–10.3, இரண்டுமே படுத்துச் சுடுவதற்கு நடுவான உயரங்கள். மேக்புல்லை வாங்கி ஓர் அங்குலப் பலகை வைத்தால் 11.3 வரை போகலாம். அதற்கு மேல் உனக்கு வேண்டியிருந்தால் அது சரிவு இல்லை, மலை.

இன்னொன்று. பைபொட்டை முன்னால் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். தோளால் லேசாக முன்னுக்குச் சாய்ந்து கால்களை இறுக்குவது. .308க்கு அது வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு வெடிக்கும் தவளை பாயும். .22க்கு உதைப்பே இல்லை, அழுத்தினால் உன் அழுத்தம்தான் அட்டையில் தெரியும், ஒரு தரம் கூட, ஒரு தரம் குறைய. பஞ்சைத் தொடுகிற மாதிரித் தொடு.

சிலோன்டீ (ஹட்டன்)

என் எயார் றைபிளுக்கும் ஒரு பைபொட் வாங்கலாம் என்று இருந்தேன். ஸ்பிரிங் ரகம், வளைத்து முறுக்குகிறது. அதற்கும் இதே உயரம்தானா?

மலைமுகில் (பேராதனை)

சிலோன்டீ அண்ணன், வாங்காதீர்கள். உயரம் இருக்கட்டும், ஸ்பிரிங் எயார் றைபிளுக்குப் பைபொட்டே பொருந்தாது. உள்ளே பிஸ்டன் முன்னால் ஓடி அடிக்கும்போது துவக்கு முதலில் பின்னாலும் உடனே முன்னாலும் குதிக்கும், சன்னம் குழலை விட்டு வெளியே போவதற்கு முன்பே. கடினமான ஒன்றின் மேல் வைத்தால் அந்தக் குதிப்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் எறியும். விரித்த உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்காமல் கிடத்திச் சுடுங்கள். காற்றை அடைத்து வைக்கிற பிசிபி ரகத்துக்கு என்றால் பைபொட் சரி.

கொழுந்துக்காரன் அண்ணாவுக்கு: நான் பல்கலைக்கழகத்தில் 50 மீட்டர் படுத்துச் சுடுகிறவள். ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசச் சுடும் விளையாட்டுச் சம்மேளனம்) விதிப்படி எங்களுக்குப் பைபொட் கிடையாது, தோல்பட்டியும் இடது முழங்கையும்தான். அதனால் உங்கள் சண்டையில் நான் கட்சி சேரவில்லை. ஆனால் யாரும் சொல்லாத ஒன்று: முன்பக்கம் இறக்கம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், மலையில் அப்படி ஒரு பக்கம் மட்டும் சரிகிற நிலம் எங்கே இருக்கிறது? இடம் வலமும் கொஞ்சம் சாய்ந்திருக்கும், பார்த்தால் தெரியாது. பைபொட்டின் இரண்டு காலையும் ஒரே உயரத்தில் வைத்தால் துவக்கும் அதே சாய்வில் நிற்கும். .22 சன்னம் 50 மீட்டருக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் விழுகிறது, அதை ஈடு செய்யத்தான் குழலைக் கொஞ்சம் மேலே பார்க்க வைத்திருக்கிறோம். துவக்கு 5 பாகை சாய்ந்தால் அந்த "மேலே" கொஞ்சம் பக்கவாட்டாகிவிடும், சன்னம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் சாய்ந்த பக்கம் போய் விழும். எங்கள் அட்டையில் பத்தின் வட்டமே 10.4 மில்லிமீட்டர் விட்டம்தான். பத்து ஒன்பதாகிவிடும், நீங்கள் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே உயரம் எதுவானாலும் பைபொட்டின் தலை இடம் வலமாக அசைகிற ரகமாகப் பாருங்கள். ஹாரிஸில் எஸ் எழுத்து இருந்தால் அசையும். ஒரு சின்ன நீர்மட்டக் குப்பியை ஸ்கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு, முன்கட்டை பிளாஸ்டிக்கா மரமா? பிளாஸ்டிக் என்றால் பைபொட்டில் எடை ஏறும்போது வளைந்து குழலைத் தொடும். இருபது ரூபாய்த் தாளை குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு, பைபொட்டில் துவக்கை நிறுத்தி, தோளால் லேசாகத் தள்ளிக்கொண்டு தாளை இழுத்துப் பாருங்கள். சிக்கக் கூடாது.

கொழுந்துக்காரன் (தலவாக்கலை)

மரம்தான் தங்கச்சி. தாள் சிக்கவில்லை, நன்றி. நீர்மட்டம் இல்லாமல் போனில் இருக்கிற மட்டத்தை வைத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே வலப்பக்கம் இறங்குகிறது! இரண்டு வருடமாக என் ரவைகள் ஏன் மூன்று மணிப் பக்கமே ஒதுங்குகின்றன என்று இப்போதுதான் தெரிகிறது. அரிசிப் பையில் வைத்தபோதும் அப்படித்தான் இருந்தது, நான் ஸ்கோப்பைக் குறை சொன்னேன்.

பதுளையண்ணன், பலகை யோசனை நல்லது, ஆனால் போட்டியன்று ஒவ்வொருவரும் இடம் மாறி மாறிப் படுக்க வேண்டும், பலகையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா? ஊவாக்காற்று ஐயா, சரிவைப் பற்றி எழுதுகிறேன் என்றீர்களே.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

எழுதுகிறேன், எழுதுகிறேன். பேரன் தூங்கிவிட்டான்.

உன் வாசலிலும் ரேஞ்சிலும் நடந்தது மாயமில்லை, மூன்றாம் வகுப்புக் கணக்கு. சோங்கின் அடியிலிருந்து பைபொட்டின் கால் நிற்கிற இடம்வரை அளந்து பார், உன் துவக்கில் 27 அங்குலம் அளவில் வரும். இனி நிலத்தைப் பார். முன்பக்கம் ஆறடிக்கு ஓரடி இறங்குகிறது என்று வை. அப்படியென்றால் 27 அங்குலத்துக்கு நாலரை அங்குலம் இறங்குகிறது. உன் தோள் இருக்கிற இடத்தில் நிலம் ஓர் உயரம், பைபொட் கால் இருக்கிற இடத்தில் நிலம் அதைவிட நாலரை அங்குலம் கீழே. அட்டையோ எதிர் மேட்டில், உனக்கு நேராக. துவக்கு மட்டமாக நிற்க வேண்டுமென்றால் அந்த நாலரையை யார் கொடுப்பது? பைபொட்தான். அது கொடுக்காவிட்டால் உன் சோங்கு இறங்க வேண்டும், சோங்கு இறங்கினால் தாடை இறங்க வேண்டும், அதுதான் நோகிறது.

அட்டையும் அதே சரிவில் கீழே இருந்தால் ஒன்றும் மாறாது, வாசலில் இருந்த உயரமே போதும், ஏனென்றால் நீ, துவக்கு, நிலம், அட்டை எல்லாம் ஒரே கோணத்தில். நடுவில் இருந்தால் நடுவான கணக்கு. 50 மீட்டருக்கு அட்டை ஒரு மீட்டர் தாழ்வாக இருந்தால் அரை அங்குலம் கழித்துக்கொள். நிலம் மறுபக்கம், அதாவது முன்பக்கம் ஏற்றம் என்றால் எல்லாம் தலைகீழ், 6–9கூட உனக்கு உயரமாகிப் போகும், அப்போது பதுளைக்காரனின் தவளைதான் வேண்டும்.

அதைத்தான் நான் அவருக்குச் சொல்ல வந்தேன். தம்பி பதுளை, நீ சுடுகிற இடத்தில் புல்லை வெட்டிச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். இங்கே எந்த ரேஞ்சில் படுத்தாலும் புற்றரைச் சரிவு. ஜூலை ஆகஸ்டில் கச்சான் காற்று அடிக்கிறபோது தியத்தலாவைப் பக்கம் போய்ப் பார், உன் பலகையும் பாயும் சேர்ந்து பறக்கும். உயரம் கூடினால் ஆட்டம் கூடும் என்பது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் கழுத்து நோகிற உறுதியான துவக்கைவிட, உடம்பு தளர்ந்து கிடக்கிற கொஞ்சம் ஆடுகிற துவக்கு நன்றாகச் சுடும். என் கண்ணால் கண்டது.

கொழுந்துக்காரா, வாசலில் 6–9ஐ எவ்வளவுக்கு நீட்டினாய்?

கொழுந்துக்காரன் (தலவாக்கலை)

7¼.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

அப்படியென்றால் போய் உன் நிலத்தின் சரிவை அளந்துகொண்டு வா.

பதுளைப்பொடியன் (இப்போது மெல்பேர்ன்)

ஐயா சொல்கிற கணக்கு சரி, நான் ஒத்துக்கொள்கிறேன், இங்கே எல்லாம் மேசை மாதிரித்தான். ஆனால் 9–13 வாங்கினால் வாசலில், சிமெந்தில், மட்டமான இடத்தில் 7¼க்கு இறங்காதே. இன்னொரு ரேஞ்சுக்குப் போட்டிக்குப் போனால் என்ன செய்வான்? இரண்டு வாங்குவானா?

ஊவாக்காற்று (பண்டாரவளை)

போகும்போது பார்த்துக்கொள்வான். நெஞ்சுக்குக் கீழே கம்பளியை மடித்து வைத்தால் தோள் இரண்டு அங்குலம் ஏறும். உன் பலகையைக் காலுக்குக் கீழே வைக்கலாம் என்றால் என் கம்பளியை நெஞ்சுக்குக் கீழே வைக்கக் கூடாதா?

சிலோன்டீ (ஹட்டன்)

நான் ஓடர் போட்ட பைபொட்டை நிறுத்திவிட்டேன். தங்கச்சிக்கு நன்றி. தோட்டத்துக் குரங்குகளுக்கும் நல்ல செய்தி.

மலைமுகில் (பேராதனை)

அண்ணன், ஆட்கள் கொழுந்து பறிக்கிற மலையில் அதைத் தூக்கிக்கொண்டு போகவே போகாதீர்கள், பகிடிக்குக்கூட.

கொழுந்துக்காரன் (தலவாக்கலை)

ஞாயிறு போய் அளந்தேன். முழுக் கதையையும் எழுதுகிறேன், பின்னால் யாராவது தேடி வந்தால் உதவும்.

ஆறடி ரீப்பைக் கட்டை ஒன்றைத் தோள் வருகிற இடத்தில் வைத்து மட்டம் பிடித்து, மற்ற நுனியிலிருந்து நிலத்துக்கு அளவு நாடாவை விட்டேன். பன்னிரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஐயா கண்ணாலேயே அளந்துவிட்டாரோ என்று நினைத்தேன்! சோங்கிலிருந்து கொளுக்கி 27 இல்லை, 26½. எதிர் மேட்டில் அட்டை எங்களைவிடக் கொஞ்சம் தாழ்வு, கழகத்தில் பழைய ஆள் ஒருவர் ஒரு மீட்டர் இருக்கும் என்றார். 7¼ உடன் நாலரைக்குச் சற்றுக் குறைவைக் கூட்டி, அரையைக் கழித்தால் 11க்குக் கொஞ்சம் மேலே வருகிறது.

அதை நம்பாமல் கொப்பி அடுக்கியும் பார்த்தேன். தம்பியைக் கூட்டிப் போயிருந்தேன், அவனுடைய சாதாரண தரப் பரீட்சைக் கொப்பிகள், அவன் அழாத குறை. போல்டைக் கழற்றி அவன் சட்டைப் பையில் போட்டாயிற்று ஐயா. கண்ணை மூடி, மூச்சு விட்டு, திறந்து, முதல் தடவை குறி அட்டைக்கு ஓரடி கீழே நின்றது. இரண்டு கொப்பி. கொஞ்சம் மேலே. ஒன்றை எடுத்தான். நின்றது. மூன்று தரம் எழும்பி எழும்பிப் படுத்தேன், மூன்று தரமும் அங்கேயே நின்றது. நாடாவைப் பிடித்தால் 11¼.

கொப்பி அடுக்கின் மேலேயே பத்து ரவை சுட்டேன், கழுத்து இருப்பதே மறந்துபோனது. வலப்பக்கச் சாய்வுக்கு ஓர் அட்டைத் துண்டை மடித்து வலக் கொப்பிகளுக்குக் கீழே செருகினேன், மூன்று மணிக்குப் போன ரவைகள் நடுவுக்கு வந்துவிட்டன. மலைமுகில் தங்கச்சிக்கு ஒரு பெரிய கும்பிடு.

11¼ என்பது 9–13க்கு நட்ட நடு. மேக்புல்லுக்கு மேல் எல்லையையும் தாண்டிவிட்டது, பலகை வைத்தால் சரிதான், ஆனால் 11.3இல் முட்டிக்கொண்டு நிற்கும், ஐயா சொன்ன மாதிரி மழையன்று மாட்டுவேன். 9–13, தலை அசைகிறது, காலில் அங்குலத்துக்கு ஒரு வெட்டு இருக்கிற ரகம் என்று முடிவெடுத்தேன். வெட்டு வேண்டாம், வழுக்கிற கால்தான் கால் அங்குலம் அரை அங்குலம் சரிசெய்ய வசதி என்று கழகத்தில் ஒருவர் சொன்னார். அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

ஊவாக்காற்று (பண்டாரவளை)

வெட்டு இருந்தால் இரண்டு காலும் ஒரே உயரமா என்று பார்க்காமலே தெரியும், விரலால் எண்ணினால் போதும். உன் இடத்தில் எப்படியும் ஒரு கால் கூட, ஒரு கால் குறைய. சின்ன மிச்சத்தைப் பின்னால் சோங்குக்குக் கீழே ஒரு சின்னப் பையை நசுக்கிச் சரிசெய்துகொள்ளலாம், அதற்குக் காலைத் தொட வேண்டியதில்லை. வெட்டோடு எடு.

புதிதாக வாங்குவதற்கு முன் என்னிடம் பழைய 9–13 ஒன்று சும்மா கிடக்கிறது, ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. பண்டாரவளைப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போய் ஒரு போட்டி சுட்டுப் பார்.

பதுளைப்பொடியன் (இப்போது மெல்பேர்ன்)

11¼ஆ! சரி, தோற்றேன். ஆனால் அந்தப் பின் பையை அரிசியால் நிரப்பாதே.

கொழுந்துக்காரன் (தலவாக்கலை)

போட்டி முடிந்தது. ஐயாவின் பழைய பைபொட்டோடு சுட்டேன். இடது கால் 11 வெட்டில், வலது கால் 12 வெட்டில், தலையைக் கொஞ்சம் திருப்பி மட்டம். முதல் ஐந்தும் ஒரு பொத்தானால் மூடலாம், இந்தத் துவக்கில் நான் சுட்டதில் அதுதான் திறம்.

பிறகு மழை. மேட்டைக்கூடக் காணவில்லை, அரை மணித்தியாலம் நிறுத்தி வைத்தார்கள். மீண்டும் படுத்தால் குறி கீழே நிற்கிறது. என்னடா இது என்று எழும்பிப் பார்த்தால் பைபொட் கால் இரண்டும் சிவப்பு மண்ணுக்குள் அரை அங்குலத்துக்கு மேல் புதைந்திருக்கின்றன. வெட்டை ஒன்று கூட்டினேன், உயரமாகிவிட்டது, அதோடு அடுத்த ரவைக்கு இன்னும் புதைந்தது. கடைசியில் மழைக்குப் போர்த்திக்கொண்டு வந்த படங்கை நாலாக மடித்துக் காலுக்குக் கீழே போட்டேன். நின்றது. பதுளையண்ணன் சிரிப்பது இங்கே கேட்கிறது, பரவாயில்லை, பலகை மாதிரித்தான்.

நாலாம் இடம். 9–13 ஓடர் போட்டாயிற்று. அந்த 13½–27 யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன், உட்கார்ந்து சுடுகிறவர்கள் மட்டும் கேளுங்கள்.

ஒரே ஒரு பிரச்சினை மிச்சம். அது அம்மா மலைக்குக் கட்டிக்கொண்டு போகிற படங்கு. இரண்டு ஓட்டை விழுந்திருக்கிறது, இன்னும் சொல்லவில்லை.

மலைமுகில் (பேராதனை)

பைபொட் கால்களுக்கு ரப்பர் மூடி விற்கிறார்கள் அண்ணா. அம்மாவுக்குப் புதுப் படங்கை முதலில் வாங்குங்கள்.